நாகமலை காலை நடை: பொங்கல் வாரக் குழு அரட்டை

பொங்கல் அன்று

செல்வி அக்கா: எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள். கோலத்துக்குக் கலர் போட வாசலுக்கு வந்தேன், கொய்யா மரத்தடியில் ஆறுமணிக் குருவி! சருகைப் புரட்டிப் புரட்டி எதையோ தின்கிறது. பச்சை முதுகு, வாலடியில் அந்தச் சிவப்பு. கையில் கலர்ப் பொடியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கார்த்தி: அக்கா, போட்டோ?

செல்வி அக்கா: போனை எடுக்க உள்ளே போய் வருவதற்குள் செடிக்குள் ஓடிவிட்டது தம்பி. ஆனால் குரல் நன்றாகக் கேட்டது. இரண்டே விசில், இரண்டாவதில் சட்டென்று இறக்கம்.

வாத்தியார் ஐயா: வாழ்த்துகள் அம்மா. விடியலிலும் அந்தியிலும்தான் அது அதிகம் குரல் கொடுக்கும். வடக்கே கூடு கட்டி முடித்துவிட்டு ஐப்பசி வாக்கில் நம் பக்கம் வரும், சித்திரைக்குள் கிளம்பிவிடும். இரவில் பறந்து வருகிற பறவை. வந்த புதிதில் களைத்துப்போய் வீட்டுக்குள்கூட விழுந்து கிடக்கும். சருகை மட்டும் கூட்டி எரித்துவிடாதீர்கள், அதில் இருக்கிற புழு பூச்சிக்காகத்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

செல்வி அக்கா: போகி அன்றைக்கே அத்தை கூட்டச் சொன்னார்கள் ஐயா. கொய்யா மரத்தடியை மட்டும் விட்டுவிட்டுத்தான் கூட்டினேன்.

வாத்தியார் ஐயா: நல்ல காரியம். எல்லாருக்கும் ஒரு நினைவூட்டல். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இன்று ஆரம்பம், நான்கு நாள். 2015லிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. வீட்டு மாடியில் நின்றும் செய்யலாம், கண்மாய்க் கரையில் நடந்தும் செய்யலாம். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் ஈபேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். காகத்தையும் மைனாவையும் விடக் கூடாது. அபூர்வமானதை மட்டும் எழுதினால், சாதாரணப் பறவை குறைந்துகொண்டே போவது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ரஃபீக் பாய்: அவனியாபுரத்தில் இன்று ஜல்லிக்கட்டு. பைபாஸில் வண்டிகளைத் திருப்பி விடுகிறார்கள். சாமநத்தம் கண்மாய்க்குக் கிளம்ப இருந்தவர்கள் இன்று வேண்டாம்.

கார்த்தி: நான் கீழக்குயில்குடிதான் பாய். இப்போது அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் நிற்கிறேன். தாமரைக் குளத்தில் இலைக்கோழி 2, முக்குளிப்பான் 5, கானாங்கோழி 1. ஆலமரப் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி. இலைக்கோழிக்கு வாலே இல்லையே ஐயா, புத்தகத்தில் அவ்வளவு நீளமாகப் போட்டிருக்கிறதே?

வாத்தியார் ஐயா: கழுத்துப் பக்கம் மஞ்சள் கோடு தெரிகிறதா?

கார்த்தி: தெரிகிறது. மேலே பழுப்பு, வயிறு வெள்ளை, மார்பில் கறுப்புப் பட்டை.

வாத்தியார் ஐயா: நீளவால் இலைக்கோழிதான். அந்த வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் வளரும், இப்போது இருக்காது. இன்னொன்றையும் கவனித்துவை: அந்த இனத்தில் அடைகாப்பது, குஞ்சைக் கூட்டிக்கொண்டு இலை மேல் நடப்பது எல்லாம் ஆண்தான். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும்.

செல்வி அக்கா: இதை எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுகிறேன் ஐயா 😄

மாட்டுப் பொங்கல்

கார்த்தி: ஐயா!! ஷாஹீன் வல்லூறு! ஒன்று இல்லை, ஜோடி! நம் பக்கத்து மலையில்தான். ஒன்று மாடப்புறா ஒன்றைத் துரத்திக்கொண்டு மேலிருந்து இறங்கியது. இறக்கையை மடக்கிக்கொண்டு அது விழுகிற வேகத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. காற்றைக் கிழிக்கிற சத்தம் கீழே நிற்கிற எனக்குக் கேட்டது. புறா தப்பித்துவிட்டது.

கார்த்தி: (போட்டோ)

வாத்தியார் ஐயா: ஷாஹீனேதான். தலை முழுக்கக் கறுப்பு முக்காடு, வயிற்றில் செம்மண் நிறம். பாறை மலையில் தங்கி வாழ்கிற நம் ஊர் வல்லூறு இது. மிக நல்ல படம் தம்பி.

கார்த்தி: அப்புறம் ஒன்று ஐயா. அது திரும்பத் திரும்ப ஒரே பாறை இடுக்குக்குப் போய் வருகிறது. கீழே பாறையெல்லாம் வெள்ளை எச்சம் வழிந்திருக்கிறது. கூடாகத்தான் இருக்கும். லொகேஷன் போடட்டுமா? காமிரா நண்பர்கள் குழுவிலும் கேட்கிறார்கள், ட்ரோன் வைத்திருக்கிற ஒருவர் நாளைக்கே வரத் தயார்.

வாத்தியார் ஐயா: போடாதே.

வாத்தியார் ஐயா: தம்பி, கோபத்தில் சொல்லவில்லை. பொறுமையாகப் படி. வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுகிற பறவை இல்லை. பாறை விளிம்பில் கொஞ்சம் மண்ணைக் கிளறி, பள்ளம் மாதிரி செய்து, அதிலேயே முட்டை வைக்கும். மூன்று அல்லது நான்கு. ஒரு மாதம் அடைகாக்க வேண்டும். மார்கழி, தை, மாசிதான் அதற்கான காலம். இப்போது ஆட்கள் பக்கத்தில் போனாலோ ட்ரோன் வந்தாலோ, தாய் எழுந்து பறந்துவிடும். நம் ஊர் பாறை பத்து மணிக்கே அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி காய்ந்துவிடும். முட்டை அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் தாங்கும்? சூடு தப்பினாலும் காகம் விடாது. தொந்தரவு தொடர்ந்தால் ஜோடி அந்த இடத்தையே கைவிட்டுவிடும். நம் பக்கத்தில் இப்படிச் செங்குத்தான, ஆள் ஏற முடியாத முகப்பு எத்தனை இருக்கிறது, சொல்.

கார்த்தி: நம் தெரு ஆட்கள் மட்டும் தூரத்தில் நின்று பார்த்தால்கூடவா ஐயா? சின்னப் பிள்ளைகள் பார்த்தால்தானே அவர்களுக்கும் ஆசை வரும்?

வாத்தியார் ஐயா: நியாயமான கேள்வி. பார்க்கட்டும், பறக்கும்போது பார்க்கட்டும். கண்மாய்க் கரையில் இருந்தே காலையில் வட்டமடிப்பது தெரியும். பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது, பிள்ளைகளை நானே கூட்டிப் போகிறேன். எந்தப் பாறை, எந்த இடுக்கு என்பது மட்டும் உன்னோடு இருக்கட்டும். எனக்கும் சொல்ல வேண்டாம்.

இம்மானுவேல் அண்ணன்: ஐயா சொல்வதற்குச் சட்டமும் இருக்கிறது கார்த்தி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைத் தொந்தரவு செய்வதும் சேர்ந்து வருகிறது. துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று இல்லை.

கார்த்தி: சரி அண்ணே. அந்தக் குழுவில் இடம் சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டேன். ஒருவர் திட்டுகிறார், பரவாயில்லை.

ரஃபீக் பாய்: நல்ல பையன்டா நீ.

பாண்டியம்மா அப்பத்தா: (பேத்தி எழுதுகிறேன், அப்பத்தா சொல்லச் சொல்ல) கார்த்திப் பயலே, நாங்கள் சின்னப் பிள்ளையில் மாடு மேய்க்கப் போகும்போது வல்லூறு உட்காரும் பாறை எது என்று எங்கள் ஐயாவுக்குத் தெரியும். அந்தப் பக்கம் மாட்டை ஓட்ட விட மாட்டார். கோழிக்குஞ்சைத் தூக்குதே, விரட்டினால் என்ன என்று கேட்டால், அது எலியையும் தூக்குது, பேசாமல் போ என்பார்.

செல்வி அக்கா: அப்பத்தாவுக்கு மேலூர்ப் பக்கம்தானே?

பாண்டியம்மா அப்பத்தா: ஆமாம்மா, அரிட்டாபட்டிக்குப் பக்கத்து ஊர். நாளைக்கு நீங்கள் எல்லாம் போகிறீர்களாமே, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லு ரஃபீக்கிடம்.

ரஃபீக் பாய்: முன் சீட் உங்களுக்குத்தான் அப்பத்தா. காலை 5 மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னாடி. அலங்காநல்லூர்க் கூட்டம் சேர்வதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும்.

இம்மானுவேல் அண்ணன்: நான் மேலே கொடைக்கானலில் இருக்கிறேன், வர முடியாது. ஆனால் என் பங்குக்கு ஒன்று. இன்று காலை மன்னவனூர்ப் பக்கம் புல்வெளியில் நடந்தேன். புல் நுனியெல்லாம் உறைபனி, வெயில் ஏற ஏறப் புகை மாதிரி எழும்புகிறது. நெட்டைக்காலி ஒன்று காலடியில் இருந்து எழுந்தது. வயல்வெளி நெட்டைக்காலியா, நீலகிரி நெட்டைக்காலியா என்று குழப்பம். (போட்டோ தெளிவாக இல்லை)

வாத்தியார் ஐயா: எழுந்து எங்கே போய் உட்கார்ந்தது?

இம்மானுவேல் அண்ணன்: பக்கத்தில் ஒரு குட்டை மரத்தில் ஏறி உட்கார்ந்தது. அதுதான் எனக்கு வித்தியாசமாக இருந்தது.

வாத்தியார் ஐயா: முதுகில் அடர்ந்த கோடு இருந்ததா?

இம்மானுவேல் அண்ணன்: நன்றாக. விலாவிலும் கோடு இருந்தது.

வாத்தியார் ஐயா: அப்படியென்றால் நீலகிரி நெட்டைக்காலி. நம் வயல்களில் இருப்பது வெளிறிய நிறம், கால் நீளம், விரட்டினால் கொஞ்ச தூரம் பறந்து திரும்பத் தரையில்தான் இறங்கும். நீங்கள் பார்த்தது கலைத்தால் மரத்துக்குப் போகும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், உயரமான புல்வெளிகளில் மட்டும்தான் அது இருக்கிறது. பழனி மலையில் பார்த்ததைக் கட்டாயம் பட்டியலில் ஏற்றுங்கள்.

இம்மானுவேல் அண்ணன்: ஏற்றுகிறேன் ஐயா. ஆனால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கார்த்தியின் வல்லூறுக்கு ஆள் தொந்தரவு, இந்தக் குருவிக்கு மரம்தான் தொந்தரவு. தோல் பதனிட வாட்டில் மரம், காகிதக் கூழுக்கு யூகலிப்டஸ், அப்புறம் பைன் என்று புல்வெளி மேலேயே நட்டு வைத்துவிட்டார்கள். சுற்றுலா வருகிறவர்கள் பைன் காட்டில் நின்று படம் எடுத்து இயற்கை என்கிறார்கள். வாட்டில் விதை தானாகவே முளைத்து மிச்சம் இருக்கிற புல்லையும் மூடுகிறது. புல்வெளி தரிசு கிடையாது. மழையை உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது அதுவும் பள்ளத்தில் இருக்கிற சோலைக்காடும் சேர்ந்துதான். மஞ்சளாறு இந்த மலையில் இருந்து இறங்கித்தானே வைகையில் சேர்கிறது? நம் வைகைத் தண்ணீரில் இந்த மலைப் புல்வெளிகளுக்கும் பங்கு இருக்கிறது.

செல்வி அக்கா: அண்ணே, இதை நான் மகளுக்குப் படித்துக் காட்டினேன். பைன் காட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மன்னவனூர்க்கே கூட்டிப் போங்கள் என்கிறாள் இப்போது.

இம்மானுவேல் அண்ணன்: தாராளமாக வரச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் இரண்டு வேண்டும்.

காணும் பொங்கல்

ரஃபீக் பாய்: அரிட்டாபட்டி வந்து சேர்ந்தோம். வராதவர்களுக்கு: கழிஞ்சமலைக்குக் கீழே நிற்கிறோம். ஆனைகொண்டான் கண்மாயில் தண்ணீர் நிறைய இருக்கிறது.

செல்வி அக்கா: பாறை உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற நீல நிறப் பறவை நீலப் பாறைப் பூங்குருவியாம், ஐயா காட்டினார். இமயமலைப் பக்கம் இருந்து குளிருக்கு வந்திருக்கிறது. பஞ்சுருட்டான், பனங்காடை, கவுதாரிச் சத்தம், மயில் எண்ண முடியவில்லை.

கார்த்தி: ராஜாளிக் கழுகு ஜோடி!!! உடம்பு வெள்ளை, இறக்கை அடியில் கறுப்புப் பட்டை, திரும்பும்போது முதுகில் வெள்ளைத் திட்டு. இரண்டும் சேர்ந்தே பறக்கின்றன.

வாத்தியார் ஐயா: வராதவர்களுக்காக எழுதுகிறேன். இந்த ஊரும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல். 250 வகைப் பறவை பதிவாகியிருக்கிறது, அதில் லகர் வல்லூறு, ஷாஹீன், ராஜாளி மூன்றும் சேர்ந்து இருப்பதுதான் பெரிய விஷயம். ஏழு மலை, கண்மாய்கள், சுனைகள். சமணர் படுகை, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை எல்லாம் அதே பாறையில்தான். துறவி படுத்த குகைக்கு மேலேயே வல்லூறும் குடியிருக்கிறது.

பாண்டியம்மா அப்பத்தா: (பேத்தி) அப்பத்தா அழுதுவிட்டார்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதாகச் செய்தி வந்ததும் இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்து வந்தார்கள், அப்பத்தாவின் தங்கச்சி வீட்டு ஆட்களும் அதில் இருந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்ததாக மத்திய அரசு அறிவித்தது. இந்த மலை இப்படியே நிற்பதைப் பார்க்கத்தான் வந்தேன் என்கிறார்கள்.

இம்மானுவேல் அண்ணன்: அப்பத்தாவுக்கு என் வணக்கம்.

கார்த்தி: ஐயா இன்னொன்று இப்போது தலைக்கு மேலே போனது. வல்லூறு வடிவம்தான், ஆனால் ஷாஹீன் மாதிரி இல்லை. (போட்டோ)

இம்மானுவேல் அண்ணன்: மார்பு வெளுப்பாக இருக்கிறதே. உச்சந்தலை செம்பழுப்பு, கன்னத்தில் மீசைக்கோடு மெல்லிசு.

வாத்தியார் ஐயா: லகர் வல்லூறு. சந்தேகமே இல்லை. இந்தத் துணைக்கண்டம் முழுக்கக் குறைந்துகொண்டு வருகிற பறவை இது. ஐந்து நிமிடம் எல்லாரும் அசையாமல் நின்றோம். எனக்குக் கை நடுங்குகிறது, அப்புறம் எழுதுகிறேன்.

செல்வி அக்கா: ஐயாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டோம், நன்றாக இருக்கிறார். சந்தோஷம்தான்.

கார்த்தி: அரிட்டாபட்டி பட்டியலை ஏற்றிவிட்டேன், 47 இனம். நேற்றைய ஷாஹீன் பட்டியலையும் ஏற்றினேன், ஆனால் அதை மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்துவிட்டேன் ஐயா. வைகாசிக்கு அப்புறம் குஞ்சு பறந்துபோனதும் திறக்கிறேன்.

வாத்தியார் ஐயா: சரி. ஞாயிறு காலை பிள்ளைகளை 6 மணிக்குக் கண்மாய்க் கரைக்கு அனுப்புங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் போதும். பச்சை, காக்கி, பழுப்பு மாதிரி நிறத்தில் சட்டை போட்டு அனுப்புங்கள்.

ரஃபீக் பாய்: பிள்ளைகளுக்கு டீயும் பன்னும் என் கணக்கு.