கோலோவ்கின் – கனேலோ மறுபோட்டி: அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள்?

சத்துவாச்சாரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

2018 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை காலை. லாஸ் வேகாஸில் அப்போது சனிக்கிழமை இரவு. கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையில், முன்னாள் படைவீரர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கெனடி கோலோவ்கினுக்கும் சாவுல் கனேலோ ஆல்வரெஸுக்கும் நடந்த குத்துச்சண்டை மறுபோட்டியைக் கைப்பேசியில் பார்த்தேன். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியே பெயர் பெற்ற ஊர் அது. அந்தப் பெரியவரும் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான எம்.இ.ஜி.யில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி முடித்து, கம்பெனிகளுக்கு இடையிலான குத்துச்சண்டையில் பல ஆண்டுகள் கிளவுஸ் கட்டியவர். நான் ஒரு நாளும் ரிங்கில் ஏறியதில்லை. சுற்றுக்குச் சுற்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அன்றைக்கு நான் கோபத்தோடுதான் போய் உட்கார்ந்தேன். முதல் போட்டி 2017 செப்டம்பர் 16 அன்று சமனில் முடிந்திருந்தது. மூன்று நடுவர்களில் ஒருவர் கோலோவ்கினுக்கு 115-113 கொடுத்தார். இன்னொருவர் 114-114 போட்டார். மூன்றாமவரோ கனேலோவுக்கு 118-110 என்று எழுதிவிட்டார். ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்பதால், பன்னிரண்டு சுற்றுகளில் பத்தைத் தூக்கிக் கனேலோவுக்குக் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு வரும். அந்தப் போட்டியை மூன்று முறை பார்த்த பிறகும் அந்தப் பத்துச் சுற்றுகள் எவை என்று எனக்கு விளங்கவில்லை. அதன் பின் 2018 பிப்ரவரியில் கனேலோவின் பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட மருந்தான கிளென்பியூட்டரால் தெரிந்தது, அந்த மருந்து கலந்த மாட்டிறைச்சிதான் காரணம் என்று அவர் தரப்பு கூறியது, ஆறு மாதத் தடை வந்தது, மே 5 அன்று நடக்கவிருந்த மறுபோட்டி ரத்தானது. இத்தனைக்கும் பிறகு நியாயம் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன்.

பள்ளி நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்களில் ஆளுக்குப் பன்னிரண்டு வரிசைகள் கோடு போட்டுக்கொண்டோம். முதல் மணி அடிப்பதற்குள் பெரியவர் கைப்பேசியை வாங்கி ஒலியை முழுவதும் குறைத்துவிட்டார். “தம்பி, வர்ணனை பண்றவன் கண்ணால பாக்காத. கூட்டம் கத்துதுன்னா அடி விழுந்துச்சுன்னு அர்த்தம் இல்ல” என்றார். இதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் போட்டியில் கயிற்றில் சாய்ந்து சாய்ந்து ஆடிய கனேலோ, இந்த முறை ரிங்கின் நடுவில் நின்றார், முன்னேறிப் போனார். எதிரிகளை மூலைக்கு ஓட்டியே பழகிய கோலோவ்கின்தான் பல நேரங்களில் பின்வாங்கினார். ஆனால் பின்வாங்கும்போதும் அவருடைய இடது கை ஓயவில்லை. கையை நேராக நீட்டிக் குத்தும் ஜாப் ஒன்றன்பின் ஒன்றாகக் கனேலோவின் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. பிற்பகுதிச் சுற்றுகளில் கோலோவ்கின் மீண்டும் எழுந்து வந்தபோது நான் திண்ணையிலிருந்து இறங்கியே நின்றுவிட்டேன்.

தீர்ப்பு வந்தது: ஒரு நடுவர் 114-114, மற்ற இருவரும் கனேலோவுக்கு 115-113. நாற்பது போட்டிகளில் கோலோவ்கினுக்கு அதுதான் முதல் தோல்வி. என் தாளைக் கூட்டிப் பார்த்தேன், கோலோவ்கினுக்கு 115-113. பெரியவரின் தாளில் கனேலோவுக்கு 115-113. ஒரே திண்ணையில், ஒரே திரையில், ஒலி இல்லாமல் பார்த்த இருவருக்கும் இடையில் சரியாக இரண்டு சுற்றுகள்தாம் வேறுபாடு.

அந்த இரண்டையும் அவர் எனக்கு விளக்கிய விதத்தை மறக்க முடியாது. என்னை எழுந்து நிற்கச் சொன்னார். முழங்கை விலா எலும்பை மூடும்படி என் வலது கையை மடித்து வைத்தார். பின்னர் தன் இடது முட்டியை முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்த நான்கு விரல் இடைவெளியில் வைத்து மெல்ல அழுத்தினார். அடிக்கவில்லை, அழுத்தினார், அதற்கே எனக்கு மூச்சு நின்று வந்தது. “மூஞ்சியில விழுறத எல்லாரும் பாக்குறாங்க. இது விழுறத அடி வாங்குனவன் மட்டுந்தான் பாக்குறான்” என்றார். பிறகு வெளியான எண்ணிக்கையைப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே அதில் இருந்தது. மொத்தத்தில் கோலோவ்கின் 234 அடிகள் அடித்திருந்தார், கனேலோ 202. அந்த 234-இல் 118 ஜாப். உடலில் விழுந்தவையோ கனேலோவுடையவை 46, கோலோவ்கினுடையவை 6.

நான் இன்னும் முழுவதும் மனம் மாறவில்லை. ஜாப்பும் சுத்தமான அடிதான். எண்ணிக்கையில் முன்னால் நின்றவர் தோற்றார் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் முதல் போட்டியின் 118-110 என்னும் அநியாயத்தோடு இந்த 115-113-ஐச் சேர்த்துப் பேசுவது தவறு என்பதை அந்தத் திண்ணையில்தான் உணர்ந்தேன். அந்தப் போட்டியை வேலூர்ப் பக்கம் வேறு யாரேனும் மதிப்பெண் போட்டுப் பார்த்திருந்தால், அல்லது இப்படியொரு தீர்ப்பை நீங்களே ரிங்கில் நின்று கேட்டிருந்தால், எழுதுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் அப்படியொரு தீர்ப்பை ரிங்கில் நின்று கேட்டவன். தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, ஓவர்டைம் பணத்தில் வாங்கித் தந்த கிளவுஸ்தான் என்னிடம் இருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு போட்டியின் இறுதிச்சுற்றில், முந்தைய ஆண்டு நான் வென்ற அதே பையனோடு மீண்டும் மோதினேன். ஐந்து நடுவர்கள், மூன்று சுற்றுகள். முடிவு 3-2, அவனுக்கு. ரெஃப்ரி எங்கள் இருவரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சில நொடிகளில், என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. பெயரை அறிவிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் திருடிவிட்டார்கள் என்றுதான் சொன்னேன்.

பதினோரு ஆண்டுகள் கழித்துக் காட்பாடி ரயில் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். இருவரும் பெங்களூர் வண்டிக்காகக் காத்திருந்தோம். தேநீர் குடித்துக்கொண்டே அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்சு எடுத்தவன் நான்தான். என் வலது கை அடிகள் பல அவன் தலையில் விழுந்ததை அவன் மறுக்கவில்லை. “ஆனா ரெண்டாவது ரவுண்டுல நான் விலாவுல குடுத்தேன் பாரு, அதுக்கப்புறம் நீ கைய தூக்கவே இல்லியே” என்றான். நான் பதில் பேசவில்லை. போட்டி முடிந்து இரண்டு நாள் இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் இருந்ததும், அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அந்த வலியை ஒரு நாளும் அந்தத் தீர்ப்போடு சேர்த்து நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. சத்துவாச்சாரி நண்பர் எழுதிய 46-க்கு 6 என்ற கணக்கைப் படித்தபோது என் கை தானாக விலாவுக்குப் போனது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே போன்ற வேதனையை மேரி கோமிடம் 2021 ஜூலை 29 அன்று டோக்கியோவில் பார்த்தேன். எதிரில் நின்ற கொலம்பிய வீராங்கனை இங்ரிட் வாலென்சியாவை அவர் 2019 உலகச் சாம்பியன்ஷிப்பில் 5-0 என வென்றிருந்தார். டோக்கியோவில் இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளைப் பெரும்பான்மை நடுவர்கள் மேரி கோமுக்கே கொடுத்தார்கள். முதல் சுற்று மட்டும் 4-1 என்று வாலென்சியாவுக்குப் போனது. மூன்றில் இரண்டு சுற்றுகளை வென்றவர் எப்படித் தோற்க முடியும் என்று எங்கள் தெருவில் அன்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு நடுவரின் மூன்று சுற்றுக் கூட்டலையும் தனியாகப் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் மூவரின் தாளில் வாலென்சியா முன்னால் இருந்தார் என்று பொறுமையாக விளக்கினேன். விளக்கி முடித்த பிறகும் எனக்கே ஆறவில்லை. தான் வென்றுவிட்டதாகவே நினைத்து ரிங்கை விட்டு இறங்கிய அவருக்குத் தோல்வி பிறகுதான் தெரிந்தது. அந்த நடையை, தோற்றதை அறியாமல் ஒருவர் நடக்கும் நடையை, நானும் நடந்திருக்கிறேன்.

காட்பாடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஊர் பளுதூக்கும் ஊர். சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் வென்ற பிறகு, எங்கள் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டே கண்ணில் படவில்லை. குத்துச்சண்டையைப் பற்றி என் பயிற்சியாளர் எப்போதும் சொல்வது, ‘எங்களுக்கு இரும்பு மேலே போனால் போனது, இல்லையென்றால் இல்லை’ என்பதுதான். ஆனால் எங்களுக்கும் மூன்று நடுவர்கள் உண்டு, வெள்ளை விளக்கும் சிவப்பு விளக்கும் உண்டு. தலைக்கு மேல் எடுத்த எடையை என் முழங்கை சற்று மடங்கி நிமிர்ந்தது என்று இருவர் சிவப்பு காட்டியதால் ஒருமுறை பதக்கத்தை இழந்திருக்கிறேன். பக்கவாட்டில் அமர்ந்திருந்த இருவருக்குத் தெரிந்தது. நேர் எதிரில் இருந்தவர் வெள்ளை போட்டார். ரிங்கின் மூன்று பக்கங்களில் மூன்று நடுவர்களை உட்கார வைப்பதும் இதற்காகத்தானே என்று தோன்றியது. கோலோவ்கினின் முதுகு ஒரு நடுவரின் பக்கம் இருக்கும்போது, விலாவில் விழுந்த அடி அவருக்கு எப்படித் தெரியும்?

சத்துவாச்சாரி உறுப்பினர் மீண்டும்:

ஆம்பூர் நண்பருக்கு என் வணக்கம். உங்கள் பகிர்வைக் கம்மவான்பேட்டைப் பெரியவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். தாம் ஆடிய காலத்தில் நடுவர்கள் பொத்தானை அமுக்கித்தான் மதிப்பெண் போட்டார்கள் என்றும், 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸுக்குத் தீர்ப்பில் இழைக்கப்பட்ட அநீதிக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது என்றும் சொன்னார். ஐந்து பேரில் மூவர் ஒரு நொடிக்குள் சேர்ந்து அமுக்கினால்தான் ஒரு புள்ளி. “விலாவுல அடிச்சா எவனும் அமுக்க மாட்டான் தம்பி. அதனால பசங்க விலாவுல அடிக்கிறதையே விட்டுட்டாங்க” என்றார். அவருடைய தாளில் கனேலோ வென்றதற்குப் பின்னால் இத்தனை ஆண்டு ஆதங்கம் இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2022 செப்டம்பரில் மூன்றாவது போட்டி நடப்பதற்கு முந்தைய வாரம், மறுபோட்டியை நான் தனியாக, ஒலி இல்லாமல், பழைய தாளைப் பார்க்காமல் மீண்டும் மதிப்பெண் போட்டேன். 114-114 வந்தது. மூன்றாவது போட்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாற்பது வயது கோலோவ்கினை மூன்று நடுவர்களின் தாளிலும் கனேலோ வென்றார், அதில் யாருக்கும் தகராறு இல்லை.

இதை எழுதுவதற்காக 2018-இன் இரண்டு தாள்களையும் நேற்று எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அவருடையதையும் நான்தான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நடுவரிடமிருந்து சீட்டை வாங்கிவிடுவார்கள். பிறகு அவர் விரும்பினாலும் திருத்த முடியாது. பெரியவரின் தாளில் பத்தாவது சுற்றுக்கு எதிரே கோலோவ்கினின் கட்டத்தில் முதலில் 10 என்று எழுதி, அதன் மேல் அழுத்திக் கோடு கிழித்து, பக்கத்தில் சின்னதாக 9 என்று எழுதியிருக்கிறார். பேனா அழுந்திய தடம் தாளின் பின்புறத்திலும் தெரிகிறது. அந்தத் திருத்தம் இல்லையென்றால் அவருடைய தாளும் 114-114தான். சுற்று முடிந்த உடனேயே மாற்றினாரா, தீர்ப்பு வந்த பிறகு மாற்றினாரா என்று கேட்க, தாளை எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை கம்மவான்பேட்டைக்குப் போகிறேன்.