அக்டோபர் 31: பாட்டுக்காகவாவது வாருங்கள்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

லைப்சிக்குக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி, "அக்டோபர் 31 எதற்கு விடுமுறை? ஹாலோவீனுக்கா?" என்று கேட்டிருந்தார். இல்லை தம்பி. அது சீர்திருத்தத் திருநாள், லுத்தரன் சபைகளின் பெரிய நாள். ஹாலோவீன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அன்று மாலை பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வாசல் மணியை அடிப்பார்கள். சில சபைகள் சளைக்காமல் லூத்தர் பெயர் போட்ட மிட்டாயைக் கொடுத்து அனுப்புகின்றன.

விடுமுறை ஜெர்மனி முழுவதும் கிடையாது. சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், துரிங்கியா, பிராண்டன்பர்க், மெக்லன்பர்க் பக்கம் முன்பிருந்தே உண்டு. 2018 முதல் ஹாம்பர்க், பிரேமன், லோயர் சாக்சனி, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் சேர்ந்துகொண்டன. பெர்லின்காரர்களுக்கு இல்லை, பாவம். மியூனிக், கொலோன் பக்கம் இருப்பவர்களுக்கு மறுநாள், புனிதர் அனைவர் திருநாளுக்கு விடுமுறை. 2017இல் மட்டும் ஐந்நூறாம் ஆண்டு என்று எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். விட்டன்பர்க்கில் பேராசிரியராக இருந்த மார்ட்டின் லூத்தர் என்ற துறவி, காசு வாங்கிக்கொண்டு பாவத்தின் தண்டனையைக் குறைக்கும் சீட்டு விற்பதைப் பொறுக்காமல் 95 கருத்துகளை எழுதி 1517 அக்டோபர் 31 அன்று மைன்ஸ் பேராயருக்கு அனுப்பினார். கோயில் கதவில் சுத்தியலால் அறைந்தாரா இல்லையா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். அந்த மரக்கதவு 1760இல் போரில் எரிந்துபோயிற்று. இப்போது எல்லாரும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது 1858இல் வைத்த வெண்கலக் கதவு. என்னைக் கேட்டால் சுத்தியல் முக்கியமே இல்லை. ஆராதனையில் போய் உட்கார்ந்து பாருங்கள், இது லூத்தரின் திருநாள் என்பதைவிட சபையார் வாய் திறந்து பாட ஆரம்பித்ததற்கான திருநாள் என்றுதான் தோன்றும்.

அன்று பீடத்துணி சிவப்பு. பெந்தெகொஸ்தே போல வருடத்தில் சில நாட்களுக்குத்தான் அந்த நிறம் வெளியே வரும். சுவரில் தொங்கும் பலகையில் அன்றைய பாட்டு எண்களைச் செருகி வைத்திருப்பார்கள். அதில் 362 இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும். அதுதான் 46ஆம் சங்கீதத்தை வைத்து லூத்தர் எழுதிய 'ஐன் ஃபெஸ்டே புர்க்' பாட்டு. நம் நாட்டு லுத்தரன் சபைகளில் தமிழிலும் பாடுகிறார்கள், அதனால் சிலருக்கு மெட்டு காதில் விழுந்ததுமே பிடிபட்டுவிடும். ஒன்று சொல்லிவைக்கிறேன்: பாட்டு என்றதும் டக்கென்று எழும்பிவிடாதீர்கள். இங்கே பெரும்பாலும் உட்கார்ந்தே பாடுகிறார்கள், ஜெபத்துக்கும் சுவிசேஷ வாசிப்புக்கும்தான் எழும்புகிறார்கள். நமக்கு அப்படியே தலைகீழ்.

பாட்டுப் புத்தகத்தில் முதல் சரணத்துக்கு மட்டும்தான் சுரம் அச்சிட்டிருக்கும். இரண்டாவதிலிருந்து வார்த்தையை மெட்டுக்குள் நாமே திணித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மன் வார்த்தைகள் நீளம் வேறு. பயப்படாதீர்கள், நீங்கள் தடுமாறினால் பக்கத்தில் இருக்கும் பாட்டி புத்தகத்தை உங்கள் பக்கம் சாய்த்து விரலால் வரியைக் காட்டுவார். அவர் குரலும் சுருதியில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ட்ரம்பெட்டும் ட்ராம்போனுமாகச் சபையாரே ஊதும் குழு சில கோயில்களில் உண்டு. ஆர்கனோடு அதுவும் சேர்ந்துகொண்டால் யார் பிசகினார்கள் என்று யாருக்கும் கேட்காது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், லூத்தருக்கு முன்னால் பூசைப் பாட்டு பெரும்பாலும் லத்தீனில், பாடகர் குழுவும் குருமாரும் பாடுவது. 1524இல் எட்டே பாட்டுகளோடு ஒரு சிறு புத்தகம் வந்தது, அதில் நான்கு லூத்தருடையவை. சனங்கள் தங்கள் பேச்சிலேயே பாடத் தொடங்கினார்கள். திருவிருந்தும் அப்படித்தான்: அதுவரை சாதாரண ஆளுக்கு அப்பம் மட்டும், கிண்ணம் குருவுக்கு. சீர்திருத்தத்தோடு கிண்ணமும் எல்லார் கைக்கும் வந்தது. அன்று திருவிருந்து இருந்தால் கிண்ணம் உங்களிடம் வரும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

லூத்தரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள் என்று எண்ண வேண்டாம். 1543இல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய கொடிய நூலைப் பற்றிப் பிரசங்கத்திலேயே வெளிப்படையாகப் பேசும் போதகர்கள் இங்கே உண்டு. பண்டிகை நாளில் இது எதற்கு என்று முணுமுணுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் போதகர்கள் செய்வது சரி என்றே படுகிறது.

இன்னொன்று. லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வந்தது 1522இல். ஹாலேயில் படித்த மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. ஹாலே லைப்சிக்கிலிருந்து ரயிலில் எட்டும் தூரம்தான். அங்கே பிராங்கே நிறுவனத்தில் அந்தக் காலத்துத் தமிழ் ஓலைச்சுவடிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தம்பி, வேறொரு நாள் அதற்கென்றே போய் வா.

சரி, காரியத்துக்கு வருவோம். விட்டன்பர்க் போக விரும்புகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அன்று ஊரே சந்தையும் கூட்டமுமாக இருக்கும், லூத்தரின் கல்லறை இருக்கும் கோட்டைக் கோயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். என் யோசனை, உங்கள் தெருமுனைக் கோயிலுக்கே போங்கள், பாட்டு அங்கேதான் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். சாக்சனியில் இருப்பவர்கள் நடுவில் ஜாம் வைத்த சீர்திருத்த நாள் பன்னை மறக்காமல் வாங்குங்கள், ஆனால் முன்தினமே. பாலும் அப்படித்தான், அன்று கடைகள் மூடியிருக்கும்.

விட்டன்பர்க்தான் என்று அடம்பிடிப்பவர்கள் குழுவில் ஒரு வரி எழுதுங்கள். சாக்சனி டிக்கெட் என்ற ஒரு நாள் ரயில் சீட்டில் ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம், அங்கேயும் அது செல்லும்.

அன்புடன்,
லைப்சிக் அண்ணன்