மோட்டார் நன்றாக ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை

தெற்குவாடி வள்ளம்:

பாம்பன் தெற்குவாடியில் இருந்து எழுதுகிறேன். பைபர் வள்ளம், பழைய 40 எச்.பி. டூ ஸ்ட்ரோக் மோட்டார், செல்ஃபும் உண்டு கயிறும் உண்டு, போன வருடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மோட்டாரில் ஒரு குறையும் சொல்ல முடியாது, கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் பிடித்துவிடும். தொல்லை எல்லாம் பேட்டரிதான். ராத்திரி கிளம்பும்போது செல்ஃப் எடுக்கிறது, ஆனால் வலையைக் கடலில் இருந்து இழுத்து வாங்கிவிட்டுத் திரும்புகிற நேரத்தில் விளக்கு மங்கி ஜிபிஎஸ் தானாக அணைந்துவிடுகிறது, செல்ஃப் சுவிட்சைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போய்விட்டது என்று கடையில் சொன்னார்கள் என்று புதிதாக வாங்கிப் போட்டேன். மூன்றே வாரத்தில் அதுவும் அப்படியே. வீட்டில் சார்ஜரில் போட்டால் முழுதாக ஏறுகிறது. கடலில்தான் ஏறுவதில்லை.

இப்போது இன்னொருவர் மோட்டாருக்குள் கரண்ட் உண்டாக்குகிற காயில் தொகுதியான ஸ்டேட்டர் போய்விட்டது, மொத்தமாக மாற்று என்கிறார். விலையைக் கேட்டுவிட்டுத் தயங்கி நிற்கிறேன். கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? இருட்டில் குந்துகால் பக்கம் பாறைகளுக்கு நடுவே ஜிபிஎஸ் இல்லாமல் வருவது மனசைப் பதற வைக்கிறது.

கீழக்கரை மெக்கானிக்:

தம்பி, ஸ்டேட்டருக்கு இப்போதைக்குப் பணம் போடாதீர்கள், முதலில் அளந்து பார்ப்போம்.

மோட்டார் நன்றாக ஓடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த வகை டூ ஸ்ட்ரோக்கில் பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற காயில் வேறு, பேட்டரிக்குக் கொடுக்கிற காயில் வேறு, இரண்டும் ஒரே பிளைவீலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கின்றன. பேட்டரியே இல்லாவிட்டாலும் கயிற்றை இழுத்தால் ஓடும். காயிலில் இருந்து வருவது ஏசி, அது ரெக்டிஃபையருக்குள் போய் டிசியாகி, ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு வருகிறது. இந்த வழியில் எங்கே அறுந்தாலும் உங்களுக்கு ஒரே கதைதான்.

பேட்டரி ஏறியிருக்கும்போது, மோட்டார் நிற்கையில் மீட்டர் 12.6 வோல்ட் பக்கம் காட்டும். ஓடவிட்டுக் கொஞ்சம் வேகம் கொடுத்தால் 13.5-க்கு மேல் ஏற வேண்டும், 14.5 வரை நல்லது. நின்றபோது இருந்த அளவிலேயே கிடந்தால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் அது வேறு வியாதி, வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர் போயிருக்கும், அல்லது அந்த மோட்டாருக்கு ரெகுலேட்டரே இருந்திருக்காது, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

சார்ஜ் வரவில்லை என்றால் உடனே மூடியைக் கழற்ற வேண்டாம். பேட்டரி முனை இரண்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள், கைக்கு ஆடினால் அங்கேயே பாதிக் கோளாறு. ஃபியூஸைக் கண்ணால் பார்த்தால் போதாது, மீட்டர் வைத்துப் பாருங்கள். அப்புறம் மீட்டரின் ஒரு கம்பியை மோட்டாரின் வெறும் இரும்பிலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் மோட்டாரையும் பேட்டரி மைனஸையும் இணைக்கிற எர்த் கேபிளுக்குள் உப்பு ஏறியிருக்கிறது. வெளியே ரப்பர் புதிதாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் காயில். ஸ்டேட்டரில் இருந்து ரெக்டிஃபையருக்குப் போகும் ஒரே நிற ஒயர் இரண்டையும் கழற்றி, மீட்டரை ஏசியில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டு இரண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். வேகம் கூடக் கூட வோல்ட் ஏறினால் காயில் உயிரோடு இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு ஓம்ஸில் வைத்தால் இரண்டு ஒயருக்கும் நடுவே மிகக் குறைவாகக் காட்டும், ஆனால் எந்த ஒயருக்கும் இரும்புக்கும் நடுவே தொடர்பே காட்டக் கூடாது. காயில் நல்லது, பேட்டரி ஏறவில்லை என்றால் மிச்சம் ரெக்டிஃபையர்தான். மீட்டரை டயோடு நிலையில் வைத்து ரெக்டிஃபையரின் ஒவ்வொரு காலையும் (ஒயர் முனையையும்) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் கரண்டை விட வேண்டும், மறுபக்கம் அடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் விட்டாலும் இரண்டு பக்கமும் அடைத்தாலும் போச்சு.

கரையில் வெறுமனே ஓடவிடாதீர்கள், தண்ணீர் இல்லாமல், மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கிற ரப்பர் இம்பெல்லர் நொடியில் கருகிவிடும். வள்ளத்தைக் கடலில் கட்டிப்போட்டுப் பாருங்கள். மூடியைத் திறந்தால் பிளைவீல் தலைமாட்டில் சுற்றும், தோளில் துண்டு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

மூக்கையூர் கரை:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள், மெயின் சுவிட்சையும் அணைக்காதீர்கள். நான் ஒரு கச்சான் காற்று சீசனில், தண்ணீர் தெறித்து ஒயரில் பொறி பறக்கிறதே என்று பயந்து ஓட்டத்திலேயே கழற்றினேன், ரெக்டிஃபையர் அந்த இடத்திலேயே செத்தது. காயிலில் இருந்து வருவதை வாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாதபோது வோல்ட் எகிறி ரெக்டிஃபையருக்குள் இருக்கும் டயோடைக் கொன்றுவிடும். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் இதே கதிதான். உங்கள் மோட்டாரில் ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால் அதையும் கவனியுங்கள். பல மோட்டார்களில் அதற்கும் சிக்னல் இதே காயிலில் இருந்துதான் போகும், முள் துள்ளினாலோ செத்துக் கிடந்தாலோ இந்தப் பக்கம் கோளாறு என்று அர்த்தம்.

தொண்டி வலை:

சார்ஜ் சரியானாலும் செலவைக் குறைக்காவிட்டால் மறுபடி இதே இடத்துக்குத்தான் வருவீர்கள். என்ன விளக்கு போட்டிருக்கிறீர்கள்? 55 வாட் ஹாலஜன் ஒன்று நாலரை ஆம்பியர் இழுக்கும். இந்தச் சின்னக் காயில்கள் முழு வேகத்தில்தான் தங்கள் ஆம்பியரைக் கொடுக்கும், வலை வாங்கும்போது மெதுவாக முனகிக்கொண்டு நிற்கிற மோட்டார் பேட்டரிக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். எல்இடிக்கு மாற்றிவிடுங்கள். நான் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், 40 வாட் சோலார் ஒன்றும் கட்டியிருக்கிறேன், பகலில் கரையில் கிடக்கும்போதே ஏறிக்கொள்கிறது.

கீழக்கரை மெக்கானிக்:

எல்இடி கட்டாயம் மாற்ற வேண்டியதுதான். சோலாரை மட்டும் கோளாறு தீர்ந்த பிறகு போடுங்கள் என்பேன். இப்போதே போட்டால் எர்த் கேபிள் உள்ளே அழுகிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஒருநாள் நடுக்கடலில் செல்ஃப் எடுக்காது.

தெற்குவாடி வள்ளம்:

மெக்கானிக் காக்கா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே என் தம்பியைக் கூட வைத்துக்கொண்டு பார்த்தேன். நிற்கும்போது 12.4, ஓடும்போது 12.3. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது இரும்புக்கும் மைனஸுக்கும் நடுவே 2.1 வோல்ட்! கேபிள் முனையில் ஒரு விரல்கடை ரப்பரைச் சீவினேன், செம்பு எல்லாம் பச்சைப் பொடியாகக் கையில் உதிர்ந்தது, ஏழெட்டு இழைதான் மிச்சம், அதுவும் கருத்துப்போய். காயில் ஏசி மெதுவாக ஓடும்போதே 18 காட்டியது, வேகம் கொடுக்கக் கொடுக்க ஏறியது, இரும்புக்கு ஒன்றும் இல்லை. ரெக்டிஃபையரில் ஒரு கால் இரண்டு பக்கமும் விடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு கோளாறா?

கீழக்கரை மெக்கானிக்:

இரண்டல்ல தம்பி, ஒன்றில் இருந்து வந்த இன்னொன்று. அந்த ஏழெட்டு இழை அலையில் வள்ளம் குதிக்கும்போதெல்லாம் விட்டு விட்டுப் பிடித்திருக்கும், அதாவது ஓட்டத்தில் பேட்டரியை யாரோ கழற்றிக் கழற்றி மாட்டிய மாதிரி. மூக்கையூர்க்காரர் சொன்னது போலவே டயோடு போயிருக்கிறது. கேபிளை மாற்றாமல் ரெக்டிஃபையரை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

வெள்ளீயம் பூசிய கேபிளாகக் கேட்டு வாங்குங்கள், கேபிள் முனையில் மாட்டுகிற லக்கை நன்றாக அழுத்திப் பிடித்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள், இன்சுலேஷன் டேப் வேண்டாம், அது உப்புத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். ரெகுலேட்டரும் சேர்ந்த ரெக்டிஃபையராகவே போடுங்கள். ஆனால் காயிலின் ஒரு முனை எர்த்தில் இருக்கிற பைக்குக்கான ரெகுலேட்டரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உங்கள் காயிலில் இரண்டு முனையும் எர்த்தைத் தொடாதவை.

தெற்குவாடி வள்ளம்:

கேபிள், ரெக்டிஃபையர் இரண்டும் மாற்றியாகிவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது இப்போது 0.2. வேகம் கொடுத்தால் 14.1, அதற்கு மேல் போகவில்லை. நேற்று ராத்திரி போய் விடிந்து வந்தோம், ஜிபிஎஸ் ஒருமுறைகூட அணையவில்லை, குந்துகாலில் நுழையும்போது தம்பிதான் ஓட்டினான். போய்விட்டது என்று ஓரம் கட்டிய முதல் பேட்டரியையும் ஏற்றி இரண்டு நாள் அப்படியே வைத்துப் பார்த்தேன் காக்கா, 12.6-இல் நிற்கிறது.