ஆகஸ்ட் லீவும் கச்சான் காற்றும்: பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு அம்மா:

ஆகஸ்ட் லீவு விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், கந்தோருக்குப் போகிற எங்களுக்குத் திண்டாட்டம். பின்னேரம் பிரச்சினை இல்லை. டச்பே கடற்கரை மணலில் விட்டால் தாங்களே ஓடி விளையாடிக் களைத்துவிடுவார்கள். கஷ்டமெல்லாம் காலை 11 மணியிலிருந்து 3 மணி வரைதான். கச்சான், அதுதான் இந்த மாதங்களில் அடிக்கிற சூடான காற்று, வீசுகிற நேரம் முற்றத்தில் கால் வைக்க ஏலாது. யன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். அம்மம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தாரோ இல்லையோ, போன் பிள்ளைகள் கைக்குப் போய்விடும்.

ரியூஷனுக்கு அனுப்பச் சொல்லாதவர்கள் இல்லை. போய்ப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதே இந்த வெக்கையில் படிக்கத்தானா? எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டார் முறை வைத்திருக்கிறோம். அன்றைக்கு யாருக்கு லீவோ அவர் வீட்டில்தான் எல்லாப் பிள்ளைகளும். மற்ற வீடுகளிலிருந்து ஆளுக்கொரு கறி போகும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதால் அமைதி, மற்ற நாள்களில் பொரித்த மீனுக்குச் சண்டை. சாப்பாட்டுக்குப் பிறகு கரம் போர்டு. ஃபேனைப் போட்டால் பவுடர் பறக்கிறது என்று ஒரு கூச்சல், நிறுத்தினால் வியர்க்கிறது என்று இன்னொரு கூச்சல். ஆனால் போனை யாரும் தேடுவதில்லை.

உப்புவெளியிலிருந்து ஒரு அப்பா:

அக்கா, எனக்கு அந்த முறை சரிவராது. எனக்கு ஹோட்டலில் வேலை. இங்கே கடல் அடங்கி வெளிநாட்டுக்காரர் வருகிற காலமே இதுதான். ஆகஸ்டில் லீவு கேட்டால் முதலாளி சிரிப்பார். அதனால் விடியப்புறத்தைப் பிடித்துக்கொண்டேன். வேலைக்கு முன் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்விடுவோம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எது கூடச் சுடுகிறது என்று வாளியும் கையுமாக ஓடி ஓடிப் பந்தயம் பிடிப்பார்கள். பஸ்களில் ஆட்கள் வந்திறங்கிவிட்டால் கிணற்றடியில் நிற்க இடம் கிடைக்காது, நேரத்தோடு போங்கள். முழுகிவிட்டு வந்தால் மத்தியானம் தானாகவே தூங்கிவிடுவார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கடல் அமைதியாகக் கிடக்கிறது என்று டச்பேயில் பெரியாட்கள் இல்லாமல் விடாதீர்கள். அலை இல்லாத நாளில்தான் பிள்ளைகள் துணிந்து உள்ளே போகும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு உம்மா:

எங்கள் முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு நோன்பு லீவு என்பதால் கணக்கே வேறு. உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம் எங்கள் பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள். முறை வைக்கலாம்தான், ஆனால் எல்லா வீட்டிலும் பெரியாட்கள் நோன்போடு இருக்கும்போது யார் அடுப்படியில் நிற்பது? சஹருக்கு, அதாவது நோன்பு பிடிக்க முன் விடியப்புறம் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு, சமைக்கும்போதே சின்னதுகளின் பகல் சாப்பாட்டையும் ஆக்கி மூடி வைத்துவிடுவேன். அரை நோன்பு பிடிக்கிறேன் என்று வீரம் பேசுகிற மகன்தான், 10 மணிக்கே மூடியைத் தூக்கிப் பார்க்கிற முதல் ஆள்.