லேசாக மிதித்தால் ஒரு நொடி அமுங்கி, அப்புறம்தான் இழுக்கிறது: 1998 மாருதி 800, உதவி தேவை

மன்னை 800

வணக்கம். மாருதி 800, 1998 மாடல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டர் உள்ள வண்டி, நாலு கியர். அப்பா ஓட்டியது. அவர் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவைக் கண் சிகிச்சைக்கு மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் அழைத்துப் போக வீட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

மாசி மாதம், சம்பா அறுப்பு முடிந்த சமயத்தில் ஆரம்பித்தது. ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டால் ஐடிலிங் சீராக நிற்கிறது. கிளட்ச்சை விட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் வண்டி ஒரு நொடி அப்படியே அமுங்கி, ஒரு ஜெர்க் அடித்து, அப்புறம்தான் இழுக்கிறது. இரண்டாவது கியரில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் ரொம்ப மோசம்.

போன வாரம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வெகுநேரம் நின்றோம். கேட் திறந்து முதல் கியரில் நகர்ந்தால், தண்டவாளத்தின் மேலேயே திணறி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்ப ஸ்டார்ட் செய்து தாண்டிவிட்டோம், ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதுவரை பிளக் மூன்றும் மாற்றினேன். பிளக் ஒயர், ஏர் ஃபில்டர் புதிது. ஒரு மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கில் பொறி விழுகிற நேரமான டைமிங்கையும் கொஞ்சம் கூட்டி, அதாவது முன்னே தள்ளி வைத்தார். 4,800 ரூபாய் ஆயிற்று. இரண்டு நாள் பரவாயில்லை, பிறகு பழையபடிதான். இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

குடவாசல்காரன்

மாற்றிவிடுங்கள் அண்ணே. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய வண்டியின் ரப்பரெல்லாம் அதற்குத் தாங்காது, உப்பிப் போகும் அல்லது வெடித்துவிடும். எங்கள் வீட்டு வண்டிக்குக் கார்புரேட்டர் மாற்றித்தான் சரியானது.

திருவையாறு பட்டறை

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். எத்தனால் விஷயம் உண்மைதான், பழைய பெட்ரோல் ஹோஸ்களை ஒருமுறை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஐடிலிங் சீராக நிற்கிற கார்புரேட்டரை எடுத்த எடுப்பில் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

திக்குவதில் பல விதம் உண்டு. மிதித்த நொடியில் மட்டும் திக்கினால் ஒரு காரணம். பத்து நிமிடம் ஓடிய பிறகு இழுவை செத்துப் போனால் வேறு காரணம், அதற்குப் பெட்ரோல் வருகிற வழியைப் பார்க்க வேண்டும். என்ஜின் சத்தம் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் என்ஜின் மேல் தப்பே இல்லை, கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. நம் பக்கத்தில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான், அதனால் வெண்ணாற்றுப் பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றிக் கிளட்ச்சைச் சோதித்துவிடுங்கள்.

அதோடு ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கைக் கால்வாசி இழுத்துவிட்டு ஓட்டினால் கூடுகிறதா, குறைகிறதா என்பதும் வேண்டும். மூன்றாவது, என்ஜினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்துக் கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்த அதே நொடியில், ஊசியிலிருந்து மருந்து பீய்ச்சுகிற மாதிரி மெல்லிய கோடாகப் பெட்ரோல் வர வேண்டும். வராவிட்டால் ஆக்சிலரேட்டர் பம்ப் போய்விட்டது. என்ஜின் ஆறின பிறகு பாருங்கள். பீடி, தீப்பெட்டி பக்கத்தில் கூடாது.

பழைய டிரைவர், தஞ்சை

நான் அம்பாசடர் ஓட்டியவன். கத்திரி வெயிலில் வண்டி திணறினால் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவோம், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பதுதான் காரணம். தம்பி வண்டிக்கும் என்ஜினோடு ஓடுகிற பம்ப்தான், அதனால் இதைச் சொல்கிறேன். இன்னொன்று, திணறும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், உடனே வண்டி சரியானால் மூடியின் காற்று வழி அடைத்திருக்கிறது. செலவே இல்லாத சோதனை.

மன்னை 800

ஐயா, இருவருக்கும் நன்றி. இன்று விடிகாலையிலேயே எல்லாம் பார்த்துவிட்டேன்.

கிளட்ச் பிடிக்கிறது, வழுக்கல் இல்லை. டேங்க் மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லை. வண்டி சூடாகும் முன்பே திக்குகிறது, அதனால் சூடு காரணமாகத் தெரியவில்லை. பெட்ரோல் பீய்ச்சல் நன்றாக வருகிறது, தங்கைதான் மிதித்தாள், மூன்று முறை பார்த்தேன். முழுசாக மிதித்தால் வண்டி நன்றாகவே போகிறது! லேசாக மிதிக்கும்போதுதான் தொல்லை. சோக்கை இழுத்தால் திக்கல் முக்கால்வாசி குறைகிறது. மைலேஜும் 16-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது.

திருவையாறு பட்டறை

சோக் இழுத்தால் சரியாகிறது என்றால், பெட்ரோலுக்கு மிஞ்சிக் காற்று எங்கோ உள்ளே போகிறது. ஐடிலிங்கில் போகவில்லை, முழுசாக மிதித்தாலும் தெரியவில்லை, லேசாகத் திறக்கும்போது மட்டும். இது எனக்கு ஒரு இடத்தைக் காட்டுகிறது.

கார்புரேட்டரிலிருந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெல்லிய ரப்பர் டியூப் ஒன்று போகும். என்ஜின் உறிஞ்சும் வேகத்தை வைத்து டைமிங்கை முன்னே தள்ளுவது அதன் வேலை. பெரும்பாலான கார்புரேட்டர்களில் அந்த டியூப் மாட்டுகிற துளை, மிதித்தால் திறக்கிற திராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே இருக்கும். ஐடிலிங்கில் தகடு மூடியிருப்பதால் துளைக்கு உறிஞ்சல் கிடையாது, டியூப் ஓட்டையானாலும் வண்டி காட்டிக்கொடுக்காது. லேசாக மிதித்ததும் தகடு துளையைத் தாண்டுகிறது. அப்போது ஓட்டை வழியே காற்று புகுந்துவிடும், டைமிங்கும் முன்னே போகாது. இரண்டு அடி ஒரே நேரத்தில். 796 சிசி என்ஜின் அந்த நிலையில் குடிக்கிற காற்றே கொஞ்சம், அதில் சின்ன ஓட்டையும் பெரிய பங்கு. முழுசாக மிதித்தால் உறிஞ்சலே இருக்காது, அதனால் தொல்லையும் இல்லை.

டியூப்பைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, நுனியைத் துடைத்துவிட்டு, வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டியூப் அல்லது டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிற டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு போயிருக்கிறது. அப்புறம் ஒன்று, வண்டி எங்கே நிற்கிறது?

மன்னை 800

கொட்டகையில், வைக்கோல் போர் பக்கத்தில்.

ஐயா, அந்தக் கேள்வியைப் படித்ததுமே டார்ச்சோடு ஓடினேன். நாக்கு ஒட்டவில்லை. டியூப்பின் மேல்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. கழற்றித் திருப்பினால் அடிப்பக்கத்தில் ஒரு அங்குல நீளத்துக்கு வரிசையாகப் பல் பதிந்த தடம், நடுவில் அரிசி நீளத்துக்குக் கிழிசல். அறுப்பு முடிந்ததும் வயல் எலியெல்லாம் போருக்குள் வந்துவிடும், அது எனக்குத் தெரியும். ஆனால் என்ஜினுக்குள் ஏறும் என்று நினைத்ததே இல்லை. கிழிசலுக்கு அந்தப் பக்கம் விரலால் அடைத்து உறிஞ்சினேன், நாக்கு பிடித்துக்கொண்டது. டயாப்ரம் பிழைத்துவிட்டது.

இப்போதைக்கு சலைன் டியூப் ஒரு துண்டு மாட்டட்டுமா?

திருவையாறு பட்டறை

கடைக்குப் போய்வர மட்டும் மாட்டுங்கள். என்ஜின் சூட்டில் அது இளகிப் பிறகு விறைத்து, நுனியில் கழன்றுவிடும். பெட்ரோல் போகிற வழியில் அதை எந்தக் காலத்திலும் மாட்டாதீர்கள், தீப்பிடித்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். வாக்யூம் ஹோஸ் என்றே கேட்டு, பழைய துண்டைக் காட்டி அதே உள்ளளவில் வாங்குங்கள்.

மன்னை 800

மாட்டிவிட்டேன், 40 ரூபாய். திக்கல் சுத்தமாகப் போய்விட்டது. இரண்டாவது கியரில் மிதித்ததும் அப்பா காலத்தில் போன மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் இப்போது பாலம் ஏறும்போது என்ஜினில் கடகடவென்று கல் உருட்டுகிற சத்தம். முன்பு இல்லை.

திருவையாறு பட்டறை

அது நாக்கிங், என்ஜினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கிற சத்தம். டியூப் கிழிந்ததால் டைமிங் பின்தங்கியிருந்தது. உங்கள் மெக்கானிக் காரணம் தெரியாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அதை ஈடுகட்டிவிட்டார், இரண்டு நாள் நன்றாக இருந்தது அதனால்தான். இப்போது டியூப் வேலை செய்கிறது, அவர் கூட்டியதும் சேர்ந்து டைமிங் மிஞ்சி நிற்கிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். டைமிங் லைட் வைத்திருப்பவரிடம் போங்கள். டியூப்பைக் கழற்றிக் கார்புரேட்டர் பக்கத்தை அடைத்து, ஐடிலிங்கில் வைத்து டைமிங் செய்யச் சொல்லுங்கள். பொறிக்காக மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிற பாயிண்ட் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாயிண்ட் இடைவெளி முதலில், டைமிங் அப்புறம்.

மன்னை 800

நேற்று டைமிங் வைத்தாகிவிட்டது, சத்தம் இல்லை. இன்று அம்மாவோடு கும்பகோணம் போய்வந்தேன். நீடாமங்கலம் கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றோம். திறந்ததும் முதல் கியரில் விட்டேன், தண்டவாளத்தைத் தாண்டி இரண்டாவது மாற்றும் வரை ஒரு ஜெர்க்கும் இல்லை. அம்மா பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார். அரசலாற்றுப் பாலமும் ஏறிப் பார்த்துவிட்டேன்.

உங்களை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் ஐயா.

குடவாசல்காரன்

எங்கள் கொட்டகையிலும் போர் இருக்கிறது. எலிக்கு என்ன செய்தீர்கள் அண்ணே?

மன்னை 800

வண்டியைப் போர் பக்கத்திலிருந்து எடுத்து வாசல் பக்கம் சிமெண்ட் தரையில் நிறுத்துகிறேன். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, ஒயரையும் டியூப்பையும் அடிப்பக்கம் விரலால் தடவிப் பார்க்கிறேன். மேலே பார்த்தால் தெரியாது.