‘வினவலாக்கம்’ என்னும் சொல்லை ஏன் முன்மொழிகிறேன்

அன்புடையீர், வணக்கம்.

மனிதர் பேசும் மொழியில் கேட்கும் கேள்வியைத் தரவுத்தளம் புரிந்துகொள்ளும் வினவலாக மாற்றும் செயலுக்கு ‘இயற்கை மொழி வினவல் மொழிபெயர்ப்பு’ என்ற சொற்றொடர் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதன் நீளம் எனக்கு ஒரு தடையன்று. ‘மொழிபெயர்ப்பு’ என்பது இங்கு நடக்கும் வேலையைத் தவறாகக் காட்டுகிறது என்பதே என் மறுப்பு. அதற்கு மாற்றாக ‘வினவலாக்கம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். எங்கள் பேச்சில் ‘பேர்’ என்றால் ஆளையும் குறிக்கும், ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவையும் குறிக்கும். குறித்த அளவு கொழுந்து எடுத்தவருக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். “இந்த மாசம் எனக்கு எத்தன பேரு?” என்று அம்மா கேட்டால் அவர் ஆட்களின் தொகையைக் கேட்கவில்லை என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மாவின் சம்பளத் துண்டுகளைப் பார்த்து நாட்பதிவுகளைச் சிறியதொரு அட்டவணையில் இட்டு, கேள்வியைத் தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல் மொழியின் கட்டளையாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றிடம் இதே கேள்வியைக் கொடுத்துப் பார்த்தேன். அது ‘கவுண்ட்’ கட்டளையைக் கொண்டு தொழிலாளரை எண்ணி, ‘1’ என்று விடை சொன்னது. கட்டளையின் அமைப்பில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அங்கு வேண்டியிருந்தது ‘சம்’ கட்டளை; 1 என்றும் 0.5 என்றும் நாள்தோறும் விழுந்திருந்த பதிவுகளை எண்ணக் கூடாது, கூட்ட வேண்டும். சொற்களை மட்டும் பார்த்தால் கேள்வி சரியாகவே பெயர்க்கப்பட்டிருந்தது. காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களமும் பேர் பதியும் செக்ரோலும்தான் அதனுள் வரவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கவே, பொருள்களை முனைகளாகவும் அவற்றின் உறவுகளை இணைப்புகளாகவும் குறித்துவைக்கும் ஓர் அறிவமைப்பு இடையில் வைக்கப்படுகிறது. ‘பேர்’ என்ற சொல் ‘நாட்பதிவு’ என்ற முனையோடு இணைகிறது. நாட்பதிவு தொழிலாளியோடும் திகதியோடும் மலையோடும் இணைகிறது. மலை என்பது இங்கே குன்றன்று, எண்ணிட்ட தேயிலை நிலப்பகுதி என்பதும் அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஹட்டன் என்று எழுதுவோரும் அட்டன் என்று எழுதுவோரும் ஒரே முனைக்கு வந்து சேர்கிறார்கள். ஒவ்வோர் இணைப்பும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற மூன்று உறுப்புகளால் ஆனது என்பதால் நம் இலக்கணச் சொற்களே இதற்குப் போதும். கேள்வியிலுள்ள பெயர்களை முனைகளாக இனங்கண்டு, அவற்றை இணைக்கும் வழியைத் தேடி, அந்த வழியை எஸ்கியூஎல்லாகவோ, இத்தகைய அமைப்புகளுக்கான வினவல் மொழியான ஸ்பார்க்கிளிலோ எழுதுவதே செயலின் உடல். இதில் பெயர்த்தல் சிறு பங்கு. ஆக்குதலே பெரும் பங்கு.

ஆங்கிலத்தில் ‘நாலெட்ஜ் கிராஃப்’ எனப்படும் இவ்வமைப்பை ‘அறிவு வரைபடம்’ என்பதை நான் ஏற்கவில்லை. வரைபடம் என்றதும் தேசப்படமே மனத்தில் எழும். ‘வரைபு’ என்றால், இலங்கைப் பாடசாலைகளில் கணிதம் படித்த எவருக்கும் இரண்டு அச்சுகளும் அவற்றினூடாகச் செல்லும் கோடுமே நினைவுக்கு வரும். இங்குப் பேசப்படுவது 1736இல் ஒயிலர் கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றித் தீர்த்த கணக்கிலிருந்து வளர்ந்த வேறொரு பொருள். அதற்கு ஆங்கிலத்தில் இன்றுள்ள ‘கிராஃப்’ என்ற பெயரை 1878இல் கணிதவியலாளர் சில்வெஸ்டர் இட்டபோது, அவர் முன்னிருந்தவை அணுக்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டிய வேதியியல் உருக்கள். ‘கோட்டுரு’ என்னும் சொல் அந்தப் பிறப்பைக்கூடத் தாங்கியிருக்கிறது. ஆகவே ‘அறிவுக் கோட்டுரு’ என்றே வைத்துக்கொள்வோம். கூகிள் 2012இல் ‘நாலெட்ஜ் கிராஃப்’ என்ற பெயரைப் பரப்பியது என்பதற்காக அதைக் கணிதக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை.

வினா, வினவல் என்னும் இரண்டையும் நாம் வேறுபடுத்தி ஆள முடிவது தமிழ் நமக்குத் தந்த வசதி. மனிதர் கேட்பது வினா. இயந்திரத்துக்குக் கொடுப்பது வினவல். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என நன்னூல் சொல்லும் ஆறில், பெரும்பாலும் அறியாவினாவும் ஐயவினாவும்தாம் வினவலாகத்தக்கவை. “இவ்வளவு கொழுந்துக்கு அரைப் பேரா?” என்று நிறுவைத் தராசின் முன்னே ஒருவர் கேட்டால், அதைத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது அவரைக் கேளாததற்குச் சமம். வினா எல்லாம் வினவலாகாது என்ற இந்த எல்லையை ‘மொழிபெயர்ப்பு’ என்ற சொல் மறைத்துவிடுகிறது.

வினவலாக்கம் என்றால் வினவலைக் கையால் எழுதுவதையும் குறிக்காதா என்ற ஐயம் எழலாம். தமிழாக்கம் என்றால் தமிழைப் படைப்பது என்று யாரும் கொள்வதில்லை. வேறொன்று தமிழாக மாறுகிறது என்றே கொள்கிறோம். அவ்வழியே இதையும் கொள்ளலாம். 1961இல் பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றிய ஆங்கிலக் கேள்விகளுக்கு விடை சொன்ன நிரல் செய்ததும் வினவலாக்கம்தான். அறிவுக் கோட்டுருவின் துணையுடன் செய்யும்போது அதைக் ‘கோட்டுருவழி வினவலாக்கம்’ என்று பிரித்துச் சொல்லலாம்.

இன்னும் ஒன்று தீர்க்கப்பட வேண்டும். “எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டால், ஆளையா நாட்பதிவையா என்று இயந்திரம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். இதற்கு இலக்கணத்தில் விடை வகைகளுள் ஒன்றான ‘வினா எதிர் வினாதல்’ என்பதை எடுத்தாள நான் விரும்பவில்லை. உண்டாயா என்றவரிடம் உண்ணாமல் இருப்பேனா என்பதைப்போல, அது கேள்வி வடிவில் அமைந்த விடை. ‘தெளிவினா’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானதை அறிந்தவர்கள் எழுதுங்கள். அட்டவணைத் தலைப்பில் நான் ‘மனிதநாள்’ என்று இட்டிருந்ததையும் இப்போது ‘பேர்’ என்றே மாற்றிவிட்டேன்.