உங்கள் பூங்குழலியை நேரில் கண்டதுண்டா?

திருகோணமலை, திருக்கடலூரில் இருந்து:

சண்டையை ஆரம்பித்தது அம்மா. 2022 இல் பொன்னியின் செல்வன் முதல் பாகம் பார்த்துவிட்டு வந்த இரவு, சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்: "மூஞ்சி சரி. கை சரியில்ல."

கதையில் படகு ஓட்டுகிற பெண் பூங்குழலியைப் பற்றித்தான். ஐஸ்வர்யா லக்ஷ்மி நன்றாகத்தானே செய்திருக்கிறார், கண்ணில் அந்தத் துடுக்கு இருக்கிறதே என்று நானும் தங்கச்சியும் மாறி மாறிச் சொன்னோம். அம்மா அசையவில்லை. "கடல்ல கிடக்கிற பெட்டைக்கு அப்பிடிக் கை இருக்குமா? நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத்தான் பாப்பீங்க."

அம்மாவின் மனதில் இருந்த பூங்குழலி அவருடைய மாமி. எங்கள் பக்கத்தில் பெண்கள் வலைக்குப் போவது வழக்கமில்லை. கரையில் நின்று மீன் பிரிப்பார்கள், கருவாடு போடுவார்கள், அவ்வளவுதான். மாமா காய்ச்சலில் விழுந்த ஒரு மாதம், மாமி விடியப்புறம் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனாராம். ஊர் பேசியது. மாமி ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை, மீனைக் கொண்டுவந்து கரையில் கொட்டினார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். விரல்கள் உள்ளங்கையோடு சேருகிற இடத்தில் வரிசையாக நாலு காய்ப்பு, புளியங்கொட்டை மாதிரிக் கெட்டியாக. அடுப்பில் இருக்கிற சட்டியைத் துணி இல்லாமல் இறக்கி வைப்பார். ஆசையாக என் கன்னத்தைத் தடவினால் கீறும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அம்மா இந்தக் கதையை முழுதாகப் படித்தவரே இல்லை. 1950 தொடக்கம் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த தொடரை அம்மப்பா கிழமைக்குக் கிழமை கழற்றி எடுத்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்துத் தைத்து, ஐந்து பாகத்தையும் ஐந்து புத்தகமாகக் கட்டி வைத்திருந்தார். 1964 டிசம்பர் சூறாவளியில் கடல் வீட்டுக்குள் வந்தது. 'சுழற்காற்று' என்று பெயர் வைத்த இரண்டாம் பாகம் தப்பிவிட்டது, மூன்றாவதான 'கொலைவாள்' நனைந்து கூழாகிவிட்டது. பிறகு எத்தனையோ பதிப்பு வந்தும் அம்மா வாங்க விடவில்லை. "அது இல்லாமலே கதை போகுதுதானே" என்பார்.

சரி, இப்போது உங்கள் முறை. இந்தக் கதை என்றில்லை, படமாகவோ தொடராகவோ வந்த எந்தப் பெரிய கதையும் சரி. யார் நடித்திருக்கலாம் என்று நடிகர் பட்டியல் போடாதீர்கள், அதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. உங்கள் ஊரில், பஸ்ஸில், சந்தையில் "இது அந்த ஆள்தான்" என்று நினைக்கவைத்த ஒருவரைக் கண்டிருப்பீர்களே, அதைச் சொல்லுங்கள்.


பாலையூற்றில் இருந்து:

கதையில் கைத்தடியோடு வாதம் செய்து திரிகிற ஒற்றன் ஆழ்வார்க்கடியான் எனக்குக் கிடைத்தது பெற்றோல் வரிசையில்.

2022 நடுப்பகுதி. பெற்றோலைப் பங்கிட்டுத் தந்த கியூ.ஆர். அட்டை வருவதற்கு முந்திய நாட்கள், இரவு பகலாக வரிசையில் கிடந்தோம். எனக்கு முன்னால் நாலாவதாக ஒரு ஐயா. பழைய சைக்கிள் ஒன்றில் வெறும் கலன் கட்டியிருந்தார், கையில் தடி. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் வாதம். கோணேசர் கோயில் திருவிழாவில் தொடங்குவார், டொலர் விலையில் முடிப்பார். நடுவில் யாராவது வரிசையில் புகுந்தால் தடியை நிலத்தில் ஒரு தட்டு. அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டே, எந்தப் பெற்றோல் ஷெட்டுக்கு எப்போது பவுசர் வண்டி வரும் என்பதை மட்டும் தனியாக, மெல்லிய குரலில், தனக்குப் பிடித்தவர்களுக்குச் சொல்வார். அது ஒரு தடவையும் பிழைத்ததில்லை. எங்கே இருந்து அவருக்குச் செய்தி வந்தது என்று கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை.

படத்தில் ஜெயராமைக் கண்டதும் என் பக்கத்தில் இருந்த மச்சான் "டேய், கலன்காரன்!" என்று கத்திவிட்டான். எங்களைப் பொறுத்தவரை அந்தப் படத்தில் பிழையே சொல்லமுடியாத தேர்வு அவர்தான்.

படம் பார்க்கப் போன கதையும் ஒரு படம்தான். அப்போது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அதைச் செலவழிக்க மனமில்லாமல் ஒரு ஓட்டோவில் ஏழு பேர். வந்தியத்தேவனுக்குக் கார்த்தி சரியா என்று ஆரம்பித்த சண்டை தியேட்டர் வாசலில்கூட முடியவில்லை. நான் சரி என்ற கட்சி. வந்தியத்தேவன் அழகன் என்பதைவிட வாயாடி என்பதுதான் முக்கியம். மடியில் இருந்த சின்னவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குதிரை நல்லா இருக்குமா?" என்றான். அதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.


கிண்ணியாவில் இருந்து:

பாலையூற்று அண்ணை சொல்கிற கலன்காரரை எனக்கும் தெரியும் போல இருக்கிறது. எங்கள் பக்கத்து வரிசையிலும் தடியோடு ஒருவர் நின்றார். ஒரே ஆளா, இரண்டு பேரா?


மூதூரில் இருந்து:

நான் சொல்வது படத்தில் வராத ஒருத்தியைப் பற்றி.

எனக்கு இந்தக் கதையில் உயிர் மணிமேகலைதான். வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கச்சி. வந்தியத்தேவனை விரும்பி, அவன் மேல் கொலைப்பழி விழும்போது "நான்தான் கொன்றேன்" என்று நிற்பவள். கடைசியில் அவன் மடியிலேயே உயிரை விடுகிறவள். பள்ளிக்கூட நூலகப் புத்தகத்தில் படித்தேன். பக்கம் முழுக்க யார் யாரோ கோடு கீறி, ஓரத்தில் "பாவம்" என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒரே சொல், மூன்று விதமான கையெழுத்து.

படம் வருகிறது என்றதும் நானும் என் சாச்சி மகளும் வட்ஸ்அப்பில் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. நந்தினி ஐஸ்வர்யா ராய், குந்தவை த்ரிஷா, வானதி சோபிதா என்று ஒவ்வொரு பெயராக வந்துகொண்டிருந்தது. மணிமேகலை வரவில்லை. முதல் பாகத்தில் வரவில்லை, சரி, அந்தக் கொலை நடக்கிற கடம்பூர்ச் சம்பவமெல்லாம் இரண்டாவதில்தானே என்று ஆறுதல். 2023 ஏப்ரலில் இரண்டாவது வந்தது. இடைவேளைக்குப் பிறகும் ஒவ்வொரு முறை ஒரு புதுப் பெண் முகம் தெரியும்போதும் சாச்சி மகள் என் கையைக் கிள்ளுவாள். படம் முடிந்து வெளிச்சம் போட்டார்கள். அந்தப் பாத்திரத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். இத்தனை வருடமாக இல்லாத ஒருத்திக்கு நாங்கள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரிப் பெண் தேடியிருக்கிறோம்.

நேரில் கண்டேனா என்றால், பக்கத்தில் இருந்து கிள்ளிக்கொண்டிருந்தாளே அவள்தான். சின்ன வயதில் திருகோணமலைக்கு லோஞ்சில் போகும்போது வாப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கிப் பார்த்த நான் அதைக் கடலில் தவற விட்டுவிட்டேன். கப்பற்றுறையில் இறங்கியதும் வாப்பா திரும்பிக் கையை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "பெரியப்பா, நான்தான் போட்டுட்டன்" என்றாள். அவளுக்கு அப்போது வயது எட்டு. அடி விழவில்லை, ஆனால் ஒரு வருடம் எங்கள் வீட்டில் அவளைக் கண்டால் எல்லாரும் சாமான்களை எடுத்து ஒளிப்பார்கள். அவள் ஒரு தடவையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாப்பா இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.


உவர்மலையில் இருந்து:

நான் உயர்தரம் படிக்கிறேன். நீங்கள் எல்லாரும் ஒரே கதையில் நிற்கிறீர்கள், நான் ஹரி பொட்டருக்கு வருகிறேன்.

புதுத் தொடரில் மந்திரப் பள்ளிக்கூடத்தின் கடுகடுப்பான ஆசிரியர் ஸ்னேப்பாகப் பாபா எஸ்ஸீடு நடிக்கிறார் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். எங்கள் வகுப்பு இரண்டாக உடைந்தது. புத்தகத்தில் வெளிறிய மஞ்சள் முகம் என்று இருக்கிறதே, கறுப்பர் ஒருவர் எப்படி என்று ஒரு கட்சி. அப்படியானால் பழைய படங்களில் நடித்த அலன் றிக்மன் மட்டும் எப்படி என்று நான் கேட்டேன். முதல் புத்தகத்தில் ஸ்னேப்புக்கு வயது 31. றிக்மன் முதல் படத்தில் நடித்தபோது 50 தாண்டிவிட்டது. அதை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை, எஸ்ஸீடு 1990 இல் பிறந்தவர், வயதில் அவர்தான் கிட்ட நிற்கிறார்.

எனக்கு இதில் இவ்வளவு உறுதி வரக் காரணம் எங்கள் ரியூசன் சேர். ஆள் குட்டை, தலையில் முடி இல்லை, நிறம் என்னைவிடக் கறுப்பு. ஸ்னேப்பின் ஒரு அடையாளமும் கிடையாது. தகரக் கொட்டகையில் இருநூறு பேர், மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. சேர் உள்ளே வந்து சோக்கட்டியைக் கையில் எடுத்து, அதை இரண்டாக முறிப்பார். அந்தச் சின்னச் சத்தத்துக்கே வகுப்பு அடங்கிவிடும். குரலை உயர்த்தவே மாட்டார். "நீங்க எழும்புங்க, மகள். அந்தக் கணக்கை எப்பிடிச் செய்தீங்க எண்டு எங்களுக்கும் படிச்சுக் குடுங்க." அவ்வளவுதான், முழங்கால் உதறும். போன தவணை எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து இரண்டு கிழமை போகவில்லை. திரும்பிப் போனபோது விட்ட பாடம் முழுவதையும் தன் கையாலேயே எழுதிக் கொப்பிக்குள் வைத்துத் தந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பிழை இருந்தா திருத்துங்க" என்றார். அந்தக் கதையைக் கடைசிவரை படித்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கும்.

ஹரி, ஹெர்மயனி, ரொன் மூன்று பேருக்கும் 30,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் விண்ணப்பித்தார்களாம். என் தம்பியும் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தான். இங்கிலாந்துப் பக்கமும் அயர்லாந்திலும் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று பிறகுதான் வாசித்தோம். கண்ணாடி என்னுடையது, நெற்றித் தழும்பு அம்மாவின் கண்மை. வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது, அவனுடைய கல்யாணத்துக்கு வைத்திருக்கிறேன்.


சாம்பல்தீவில் இருந்து:

எனக்கு வயது 78. இந்தச் சண்டை உங்கள் காலத்தில் தொடங்கியதல்ல பிள்ளைகளே. 1958 இல் எம்.ஜி.ஆர் பொன்னியின் செல்வனைப் படமாக்கப் போகிறார் என்று செய்தி வந்தபோதே எங்கள் வீட்டில் அண்ணன்மார் அடிபட்டார்கள். அவர் பிறந்தது நாவலப்பிட்டியில் என்பதால் இலங்கைக் காட்சிகளை இங்கே வந்துதான் எடுப்பார் என்று பெரியண்ணன் அடித்துச் சொன்னார். அந்தப் படம் வரவே இல்லை. வந்த படத்திலும் இலங்கைக் காட்டுக்குத் தாய்லாந்துக்குப் போயிருக்கிறார்கள். நடிகர் தேர்வை விடுங்கள், காட்டையே வேறு ஆளைப் போட்டு நடிக்க வைத்துவிட்டார்கள்!

நம் திருகோணமலைப் பக்கம் கதையில் பெரிதாக வராது. மாதோட்டம், தம்பள்ளை, அநுராதபுரம், தொண்டைமானாறு என்று போய்விடும். ஆனால் கதையில் வருகிற இளவரசன் அருள்மொழிதான் பிறகு இராஜராஜன். பெரியகுளத்துக்குக் கிட்ட இருக்கிற வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர், தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. புத்த பள்ளி ஒன்று சைவ அரசனின் பெயரில். கதையில் அந்தப் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறானோ அதற்கும் இதற்கும் ஒத்துப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, நேரில் கண்டது. ஹபரணையில் இருந்து கந்தளாய் வருகிற வழி, பொழுதுபட்டுவிட்டது. வளைவில் தனியன் யானை ஒன்று, வீதியின் நடுவில். பஸ்ஸில் பிள்ளைகள் அழுகிறார்கள், ஒருவர் ஹோர்ன் அடி என்கிறார், இன்னொருவர் பின்னுக்கு எடு என்கிறார். சாரதி வெற்றிலை போட்ட வாய், தொந்தி, சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் இல்லை. லைட்டைக் குறைத்தார். எஞ்சினை நிறுத்தவில்லை. வலது கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, அது தூங்குகிற பிள்ளையின் முதுகு மாதிரிக் கதவை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணித்தியாலம். யானை காதை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது, பிறகு ஓரமாக இறங்கிப் போய்விட்டது. கதையில் அருள்மொழிக்கு யானைப் பாஷை தெரியும். ஜெயம் ரவி அழகாக இருந்தார், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்தை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது கதவைத் தட்டிய அந்தக் கைதான். திருக்கடலூர் அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது.


திருக்கடலூரில் இருந்து, மறுபடியும்:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாம்பல்தீவு ஐயாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். மூதூர்த் தங்கச்சியின் கடிகாரக் கதைக்குச் சிரித்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு ஒரு மணிக்கூடு வாங்கிக் குடுக்கச் சொல்லு" என்றார். உவர்மலைப் பிள்ளையின் சேரைப் பற்றி வாசித்தபோது ஸ்னேப் என்றால் யார் என்று கேட்டார். சொல்லத் தொடங்கி, ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

இன்னொன்று. இந்தப் பேச்செல்லாம் கேட்டதாலோ என்னவோ, நேற்று தங்கச்சி கொண்டுவந்த 'கொலைவாள்' புத்தகத்தை அம்மா திருப்பி அனுப்பவில்லை. 1964க்குப் பிறகு முதல் தடவையாக மூன்றாம் பாகம் எங்கள் வீட்டில் இருக்கிறது. காய்ச்சலில் கிடக்கிற இளவரசனைப் படகில் வைத்துப் பூங்குழலி கோடிக்கரையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கால்வாய் வழியாகக் கொண்டுபோகிற இடம் வந்ததும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாய்க்காலுக்குள்ள துடுப்புப் போட்டாளா, கோல் ஊண்டித் தள்ளினாளா? ரெண்டுக்கும் கை வேற மாதிரிக் காய்க்கும்."

தேடிக்கொண்டிருக்கிறேன்.